அடுப்பில் போடச் சொன்ன கவிதைகள்

போன ஞாயிறு ஹம்பேர்க்கில் கார் ஓடக்கூடாது என்று சட்டம். பெட்ரோல் தட்டுப்பாடாம். நல்லதாய்ப் போயிற்று — ஆஸ்பத்திரிக்கு நடுரோட்டில் ராணி மாதிரி நடந்து போனேன். பக்கத்தில் மகன். கையில் என் பை. பைக்குள்... அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் மேல்மாடியில் வேரா என்று ஒரு ருஷ்யக்காரி இருக்கிறார். என் வயதுதான். கவிதை எழுதுபவர். நாவலும் எழுதினார் — அந்த நாவலுக்காகவே அவரை நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். நானோ மூன்றாம் வகுப்பு. பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியே நான் சொல்லச் சொல்ல மகன் எழுதுவது என்று உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் அது அவனுடையது. எனக்கும் வேராவுக்கும் அரைகுறை டொச், இந்த ஊர் ஜெர்மன் பாஷை. சிநேகிதத்துக்கு அது போதாதா?

அவருக்கு முழங்கால் வருத்தம். காலையில் நான்தான் ஏறிப்போய் நிலக்கரி அடுப்பை மூட்டிக் கொடுப்பேன். வேலைக்காரியாக அல்ல — என் முழங்கால் நல்ல முழங்கால், அவ்வளவுதான். அப்போது ஒரு தாளை நீட்டுவார்.

"பாடமாக்கிப் போட்டன். எரியுங்கோ."

அவருடைய ஊரில் கவிதை தாளில் இருந்தால் ஆபத்து. மனப்பாடம் செய்துவிட்டு எரித்துவிடுவார்களாம்.

"இங்கை ஆர் வந்து பறிக்கப் போறது?" என்று கேட்டேன்.

"கை பழகிட்டுது."

அவர் கணவரைப் பிடித்துப் போனதே பக்கத்து வீட்டுக்காரி குப்பையில் தாள் பொறுக்கிக் கொடுத்ததால்தானாம்.

ஆனால் ஒருவர் கைப்பட எழுதியதை நான் எப்படி எரிப்பது? தாளில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறவர்கள் நாங்கள். ஆகவே அவருக்குத் தெரியாமல் கடை விளம்பரத்தை அடுப்பில் போட்டேன். அதுவும் எழுத்துத்தானே என்பீர்கள்... அது பன்றி இறைச்சி விலை. சரஸ்வதி கோவிக்க மாட்டார். வேராவின் தாள்கள் என் பெட்டியில், கூறைச்சேலை மடிப்புக்குள். இரண்டு வருஷமாய்.

போன மாதம் அவருக்கு மூளையில் இரத்தம் கட்டியது. பிழைத்துக்கொண்டார். கை கால் சரி, பேச்சும் சரி. கவிதைதான் இல்லை.

"ஒரு வரியும் வருகுதில்லை. தலைக்குள்ளை ஆரோ கூட்டித் துடைச்சுப் போட்ட மாதிரி" என்றார், சுவரைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்து மகனிடம் உண்மையைச் சொன்னேன். தலையில் கை வைத்தான்.

"ஐயோ அம்மா! நீங்களும் தாள் பொறுக்கினனீங்கள் எண்டெல்லோ நினைக்கப் போறா!"

"நினைக்கட்டும். பாட்டு அவவின்ரை."

வீரமாய்த்தான் சொன்னேன். ஆனால் அந்த ஞாயிறு நடுரோட்டில் இரண்டு தரம் நின்று, திரும்பிப் போவோமா என்று மகனைக் கேட்டேன். இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி அல்லவா?

தாள்களைச் சேலையோடு அவருடைய ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தேன். விரித்தார். ஒரு தாள், இன்னொரு தாள்... முகம் வெளுத்தது.

"ஆருக்குக் காட்டினனீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்லை. எனக்கே வாசிக்க ஏலாதே!"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல் தாளை எடுத்துச் சத்தமாக வாசித்தார். பாதியில் தாளைக் கீழே வைத்துவிட்டார் — வாய் நிற்கவில்லை! மிச்சம் தானாக வந்தது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அழுதேன். பயந்துபோன பக்கத்துக் கட்டில்காரி மணியடித்துத் தாதியைக் கூப்பிட்டாள்.

நேற்று வேரா வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை அடுப்பு மூட்டப் போனேன். புதுத் தாள் ஒன்றை மடித்து நீட்டினார்.

"பாடமாக்கிப் போட்டன். எரியுங்கோ."

"ஓம், எரிக்கிறன்" என்றேன்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. பெட்டியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது.