கொண்டாட்டம் இல்லாத இருவர்

வியாழக்கிழமை காலையில் ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்துக்கு முன்னாலுள்ள பத்திரிகைக் கடையில் கனகேஸ்வரி ஆங்கில இசை வார இதழைப் புரட்டிக்கொண்டு நிற்பார். வாங்கமாட்டார். ஆங்கிலமும் வாசிக்கமாட்டார். கடைக்காரர் ஃப்ரான்செஸ்கோ ஒன்றும் சொல்வதில்லை. தாளைக் கசக்காமல் புரட்டுகிறவர் அவருக்கு வேறு யார் இருக்கிறார்?

தேடுவது தம்பி விதுரனின் படத்தை. எண்பத்துமூன்றுக் கலவரத்தோடு பத்து வயதில் சித்தப்பாவுடன் லண்டன் போனவன், பள்ளிக்கூடத் தோழன் மார்ட்டினோடு சேர்ந்து ‘டின் அம்பிரெல்லா’ என்றொரு ரொக் இசைக்குழு தொடங்கினான். மார்ட்டின் பாட்டு, விதுரன் கிட்டார். தொண்ணூற்றுமூன்றில் முத்திரையளவு வந்த படம் இரண்டே வருடத்தில் அட்டைக்கு ஏறியது. அந்த இதழை மட்டும் வாங்கி, தான் துடைக்கிற மாடிப்படியில் வைத்து, கூடத் துடைக்கிற எனக்கும் காட்டினார்.

“இவன்ரை அரை முகத்தை வெட்டிப்போட்டாங்கள். பறவாயில்லை, அம்மாவின்ரை மூக்கு முழுசா இருக்கு.”

பாட்டுப் பிடிக்குமா என்று கேட்டேன்.

“சத்தம்தான். ஆனா இவன் அடிக்க அவன் பாடேக்கை ஒரு ஒத்துமை இருக்கு.”

தொண்ணூற்றேழில் ஒரு வியாழன், குழுவினர் நால்வரையும் தனித்தனிப் படமாகப் போட்டிருந்தார்கள். ஓர் எழுத்தும் வாசிக்காமலே அவருக்கு விளங்கிவிட்டது. தொலைபேசியில் கேட்டபோது, குழு முடிந்தது, இனி மார்ட்டினின் முகத்திலும் விழிப்பதில்லை என்றான் விதுரன்.

“குழு சேராட்டிலும் பறவாயில்லை. சித்தப்பாவும் போய்ச் சேர்ந்திட்டார். அங்கை அவனுக்கு மார்ட்டினை விட்டா ஆர் இருக்கினம்? ரெண்டு பேருக்கும் கொண்டாட்டம் இல்லாமப் போச்சு, போக்குவரத்து பேச்சு விட்டுப்போச்சு, அவ்வளவுதான். ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டு ஒண்டா நிப்பாட்டினாச் சரி.”

யாழ்ப்பாணத்தில் வேலிச் சண்டைக்குப் பார்க்கிற வைத்தியம் இது. இங்கிலாந்து ரொக் குழுவுக்குக் கேட்குமா என்று எனக்குப் பெரிய சந்தேகம். சொல்லியும் பார்த்தேன். அவர் வாளித் தண்ணீரை மாற்றப் போய்விட்டார்.

அடுத்த வருடம் அவர் மகள் சுலக்சனா பெரியபிள்ளையானாள். சாமத்தியவீட்டுப் பூப்புச் சடங்கில் தலைக்குத் தண்ணீர் வார்ப்பது தாய்மாமன் உரிமை. விதுரன் வராமல் இருக்க முடியாது. தமிழில் அச்சடித்த அதே அழைப்பிதழ் மார்ட்டினுக்கும் போனது அவனுக்குத் தெரியாது.

சந்தைப் பகுதியான கபோவில், வீட்டு மொட்டைமாடியில், விதுரன் செம்பைத் தூக்கும் நேரம் மார்ட்டின் படியேறி வந்தான். வெயிலில் முகம் சிவந்திருந்தது. கையில் அழைப்பிதழைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். சந்தைக் கூச்சல்தான் கேட்டது.

“இவனை ஏனக்கா கூப்பிட்டனி?”

“சின்னனிலையிருந்து உன்னோடை நிண்டவன். அவனும் பிள்ளைக்கு மாமன்தான். பாதியை நீ வார், மிச்சத்தை அவன் வார்க்கட்டும்.”

சபைக்கு நடுவில் என்ன செய்வான்? பாதியை வார்த்தான். பிறகு, மார்ட்டின் பக்கம் திரும்பாமலே, நீயே அவனிடம் கொடு என்பதுபோலச் செம்பை அக்காவிடம் நீட்டினான்.

கனகேஸ்வரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.