அண்டாவில் விட்ட கப்பல்

கல்யாணமான புதிதில் நான் மண்டபம் என்ற கடலோர ஊரில் பள்ளி ஆசிரியர். அந்தக் காலத்தில் தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலைப் போலவே ஒன்றைப் பழைய காலண்டர் அட்டைகளில் செய்யத் தொடங்கினேன். மைதாப் பசை காய்ச்சி, தினமும் சாயங்காலம் வெட்டி ஒட்டினேன். மேல்தளத்தை ஒட்டும்போது என் வேட்டியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதத்தில் கப்பல் முடிந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது, வாசலில் தண்ணீர் நிறைந்த அண்டாவைச் சுற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நின்றார்கள். உள்ளே என் கப்பல் கூழாகிக் கிடந்தது. என் மனைவிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மிதக்குமான்னு கேட்டாக. நாந்தேன் விட்டுப் பாத்தேன். மொதல்ல நல்லாத்தேன் மிதந்துச்சு."

"எம்புட்டு நேரம்?"

"அண்டாவ மூணு சுத்து சுத்துச்சு."

எனக்குக் கோபமே வரவில்லை. அந்த மூன்று சுற்றைப் பார்க்காமல் போனேனே என்றுதான் இருந்தது.

அடுத்த கப்பலுக்குக் கத்தரிக்கோலை அவளே பிடுங்கிக்கொண்டாள். மெழுகுவத்தியை உருக்கி அடிப்புறம் முழுக்கப் பூசினாள். வெள்ளோட்டத்தன்று நான் பள்ளிக்கு லீவு போட்டேன்.