கல்லில் நின்ற ஆறு தூண்கள்

ஜெயகௌரி எட்டு ஆண்டுகள் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றியவள். அந்த வேலை முடிந்ததும் மேசன் வேலைக்கு வந்தாள். பெண் மேசனை நம்பி வீடு கட்டக் கொடுப்பவர்கள் குறைவு. மற்றவர்கள் கைவிட்ட வேலைகள்தான் அவளிடம் வரும்.

வல்வெட்டித்துறையில் இராசநாயகத்தின் வீட்டு வேலையும் அப்படித்தான் வந்தது. கப்பலில் வேலை செய்த மனிதர், விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தார். சமைக்கும் குசினியின் பின்கதவைத் திறந்தால் மூன்று படி, அதற்குக் கீழே மணல். கதவின் மட்டத்துக்குப் பின்வளவில் ஒரு பலகைத் தளம் வேண்டும் என்றார்.

"ரெண்டு மேசன்மார் பாத்திட்டுப் போட்டினம், தங்கச்சி. ஒரு அடிக்குக் கீழை கல்லாம். தூண் நடேலாதாம்."

ஜெயகௌரி கூரான இரும்பு அலவாங்கால் மணலைக் குத்திப் பார்த்தாள். "கல்லெண்டால் நல்லதுதானே அண்ணை. கல்லிலையே நிப்பாட்டுவம்."

நூல் கட்டி ஆறு இடங்களைக் குறித்தாள். மணலை விலக்கி, கல்லைத் துளைத்து, கம்பி இறக்கி, மேலே கொங்கிறீற் போட வேண்டும். கறையான் ஏறாதபடி அதில் பதித்த இரும்புத் தகட்டின் மேல்தான் பனந்தூண் நிற்கும். மூன்று இடங்கள் சுகமாக முடிந்தன. நாலாவது இடத்தில் அலவாங்கின் சத்தம் மாறியது.

"கீழை கோறையாக் கிடக்கு, வெறும் பொந்து," என்றாள்.

கூட வேலை செய்த றஜிந்தன் வெயிலில் களைத்திருந்தான். "மேலாலை கொங்கிறீற்றைப் போட்டு மூடுவம், அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?"

"மண்ணுக்குள்ளை என்ன கிடக்கெண்டு தெரிஞ்சும் மூடிவிடுற பழக்கம் எனக்கில்லை, றஜிந்தன்."

அரை நாள் சம்மட்டி அடித்து மேல்கல்லை உடைத்தார்கள். உள்ளே இடுப்பளவு பள்ளம். அடியில் கெட்டிக் கல் தெரியும்வரை இறங்கி, கல்லும் கொங்கிறீற்றும் போட்டு நிரப்பினாள். மற்ற இரண்டு இடங்களும் முடிந்ததும், காயட்டும் என்று ஒரு கிழமை விட்டாள். பிறகு ஆறு தூண்களையும் நிறுத்தி, தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்தாள். மூலைக்கு மூலை அளந்தாள். ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

பலகை அடித்த அன்று அயலவர் பன்னிரண்டு பேரை ஏற்றி, "குதியுங்கோ!" என்றாள். தளம் அசையவில்லை.

அடுத்து இராசநாயகம். "ஆரும் பிடிக்காதேங்கோ," என்றவர் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு கதவைத் தாண்டினார். விளிம்புவரை போனார். மதிலுக்கு மேலால் கடல், அதில் வள்ளங்கள். பெரிதாகச் சிரித்தபடி இரண்டு வட்டம் அடித்தார்.

அந்த நேரம் ஜெயகௌரி தளத்துக்குக் கீழே மணலில் படுத்திருந்தாள். தலைக்கு மேல் சக்கரம் உருள, அவள் கண் நாலாவது தூணிலேயே இருந்தது.

"நிக்குது!" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தாள், கன்னமெல்லாம் மணல். "தள்ளி நில்லுங்கோ, நான் இன்னும் ஏறேல்லை!"