சனிக்கிழமைகளில் உறங்க இடம் தந்தவர்

எரியோட்டில் என் அண்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருந்தேன். உறக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. கூரைக் கண்ணாடி வழியே இறங்கிய வெயில் தரையில் ஒரு சதுரமாகக் கிடந்தது. பூட்டுப் பட்டறைச் சுப்பையா அண்ணன் திண்டுக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வந்து வாசலில் நின்றார். "தங்கச்சி, டீச்சரம்மா போயிட்டாங்க" என்றார். அந்த அரைத் தூக்கத்தில் எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்கு எந்த வீட்டு முறை என்றுதான் மனம் யோசித்தது. "யார் வீட்டுக்கு?" என்று கேட்டும் விட்டேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்ட பிறகுதான் எழுந்து உட்கார்ந்தேன்.

சவரியம்மாள் டீச்சரை உங்களில் பலர் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சராக அறிவீர்கள். மாதா கோவிலில் முதல் பூசைக்கு வந்து கடைசி வரிசையில் முழங்காலிடும் அம்மாளாகச் சிலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அவர் அறிமுகமானது என் மாமனாரால்.

மாமனார் ஆயுள் முழுக்கப் புகையிலைக் கிட்டங்கியில் வேலை பார்த்தவர். எழுபதைத் தாண்டியதும் நினைவு தப்பத் தொடங்கியது. கிட்டங்கிக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். என் வீட்டுக்காரர் ரயில்வே கார்டு. வண்டியோடு போனால் திரும்பி வர இரண்டு நாளாகும். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஒரு நாள் காலை மாமனாரைக் காணாமல் தெருத்தெருவாகத் தேடி, கடைசியில் பள்ளிக்கூடத்துத் தையல் அறையில் கண்டுபிடித்தேன். டீச்சருக்கு எதிரே உட்கார்ந்து ஒரு துணிக்கட்டைப் பிரிப்பதும் மடிப்பதும் கட்டுவதுமாக இருந்தார். புகையிலைச் சிப்பம் கட்டுவதாக நினைப்பு. டீச்சர் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மாமனாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "நீங்க நல்லாத் தூங்கி எத்தன நாளாச்சு?" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வரச் சொன்னார். மாமனாரைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவதாகவும் சொன்னார். ஏதோ செபக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அறையில் தையல் மிஷின்களை ஓரமாக ஒதுக்கிக் கோரைப்பாய்கள் விரித்திருந்தார்கள். நாலைந்து பெண்கள் வெட்டுத்துணி மூட்டைகளைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்கள். சுப்பையா அண்ணன் வெளியே வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். டீச்சர் மட்டும் கதவருகே உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் வீட்டில் படுத்த படுக்கையாகவோ புத்தி தடுமாறியோ இருக்கிற பெரியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். முதல் ஒரு மணி நேரம் தூக்கம், அதற்கப்புறம்தான் பேச்சு.

அன்று தூங்கிய தூக்கத்தை இன்றும் நினைத்துப் பார்ப்பேன். ஜன்னலில் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் மிதப்பதுபோல் தெரிந்தது. எங்கிருந்தோ தோல் பதனிடும் ஷாப்பு வாடை காற்றில் வந்து போயிற்று. ரயில் ஒன்று கூவியது. அதில் என் வீட்டுக்காரர் போகிறாரா வருகிறாரா என்று நினைத்தபடியே கண் அயர்ந்தேன். கனவில் எங்கள் ஊர்க் கம்மாய்த் தண்ணீரில் மல்லாந்து கிடந்தேன். கூப்பிட யாரும் இல்லை, எழுந்து ஓடவும் வேண்டியதில்லை. விழித்தபோது பக்கத்தில் சுக்குக் காபி இருந்தது. நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியச் சிறிது நேரம் ஆனது. மாமனாருக்குத் தினமும் இப்படித்தானே இருக்கும் என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது.

டீச்சருக்கு இளமையிலேயே கணவர் தவறிவிட்டார். கணவருடைய கண் தெரியாத அத்தை அவர் பொறுப்பில் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் அத்தை, அத்தையை விட்டால் பள்ளிக்கூடம். தன்னைப்போல் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து, ஒவ்வொருவராகச் சேர்த்திருக்கிறார். வாரம் இரண்டு பேர் கூட்டத்துக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாத வீட்டுப் பெரியவர்களோடு போய் இருப்பார்கள். அதற்குப் பெயர் முறை. பேச்சுக்கு ஒரே சட்டம்தான் வைத்திருந்தார்: "யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. அதச் சொல்ல ஊர்ல ஆள் இருக்கு."

ஆறேழு வாரம் நான் வாயே திறக்கவில்லை. ஒரு சனிக்கிழமை தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போது மாமனார் வெளியே போய்விடாமலிருக்க வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்வந்திருக்கிறேன். அந்த வாரம் தண்ணீர் வரத் தாமதமாகிவிட்டது. திரும்பிக் கதவைத் திறந்தால் தரையெல்லாம் அசுத்தம். கதவைத் தட்டித் தட்டி அவர் கைமுட்டிகள் தோலுரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்து, "நான் என்ன தப்புப் பண்ணேன்?" என்று கேட்டார். அதைச் சொல்லி முடித்ததும் எனக்குத் தலை நிமிரவில்லை.

டீச்சர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "அத்தைய எடுத்துக்கிடுங்க ஆண்டவரேன்னு நான் செபமாலை உருட்டியிருக்கேன், கமலம். ஒரு நாளில்ல, ஒரு தவக்காலத்து நாப்பது நாளும். விடிஞ்சா அந்தக் கையாலதான் அவுகளுக்குக் கஞ்சி ஊட்டுனேன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டம் கலைந்தபோது சுப்பையா அண்ணன் என்னிடம் வந்து, தண்ணீர் வருகிற நேரத்துக்குத் தான் வந்து இருப்பதாகச் சொன்னார். மறுநாளிலிருந்து அரத்தையும் அரைகுறைப் பூட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து ராவினார். வாதத்தில் விழுந்த தன் தாயை அந்த நேரம் அக்கா பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார். மாமனார் அவரைக் கிட்டங்கி மேஸ்திரி என்று நம்பி, நல்ல பிள்ளையாகப் பக்கத்தில் இருந்தார்.

வீட்டு விஷயத்தை வெளியில் சொல்கிறேன் என்று செம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாருக்கு ஆத்திரம். ஒரு சனிக்கிழமை தையல் அறைக்கே வந்து, எங்கள் அப்பாவைச் சந்தி சிரிக்க வைக்கிறீர்களே என்று சத்தம் போட்டார். டீச்சர் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒங்க அப்பாதான. ரெண்டு நாள் கூட இருந்துட்டுப் போங்க" என்றார். கோபத்தோடுதான் தங்கினார் நாத்தனார். இரண்டாம் நாள் சோறு ஊட்டும்போது மாமனார் அவர் கையைத் தள்ளி, "நீ யாரு வீட்டுப் பொண்ணு? ஒங்க அப்பா ஒன்னயத் தேட மாட்டாரா?" என்று கேட்டார். நாத்தனார் தட்டை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றார். அங்கிருந்தே, "அண்ணி, எப்பருந்து இப்படி?" என்றார். பிறகு மாதம் ஒரு வாரம் அவரே வந்து தங்கி அப்பாவைப் பார்த்துக்கொண்டார்.

மாமனார் காலமான பிறகு நான் கூட்டத்துக்குப் போகவில்லை. அங்கே எனக்கு இனி என்ன வேலை என்று நினைத்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த சனிக்கிழமை டீச்சரே வீட்டுக்கு வந்தார். தூக்கம் வருகிறதா என்று கேட்டார். இல்லை, அவர் எழுந்துவிடுவாரோ என்று இன்னும் காது கொடுத்தபடியே கிடக்கிறேன் என்றேன். "அப்ப பாய் ஒனக்குத்தான்" என்று கூட்டிக்கொண்டு போனார். முதல்முறையாக என்னை ஒருமையில் கூப்பிட்டது அன்றுதான்.

டீச்சரின் அத்தையும் போய்ச் சேர்ந்தார். கடைசி இரண்டு வருஷம் டீச்சருக்கே சர்க்கரை வியாதி முற்றி, கால் புண்ணாகி, பார்வையும் மங்கிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. நாங்கள் முறை போட்டுக்கொண்டோம். ஊருக்கெல்லாம் செய்தவர், தனக்குச் செய்யவிடுவதற்குப் பட்டபாடு எங்களுக்குத்தான் தெரியும். புண்ணைக் கழுவ நான் உட்கார்ந்ததும் காலை இழுத்துக்கொண்டார். பிறகு வெட்கப்பட்டுச் சிரித்து, "எங்க அத்த என்னயத் திட்டுனதெல்லாம் இதுக்குத்தானா" என்று காலை நீட்டினார்.

இறுதிப் பூசையில் பீடத்துக்கு முன்னால் பெட்டி இருந்தது. பட்டறைக்காரர்கள், ரயில்வேக்காரர்கள், எங்களைப்போல் கோவிலுக்குள் அதுவரை காலடி வைக்காதவர்கள் என்று பலரும் நின்றோம். சாம்பிராணிப் புகையில் எல்லா முகங்களும் தூக்கத்திலிருந்து எழுந்தவைபோல் தெரிந்தன.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு சின்னப் பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும், நூறு முறை பார்த்த பெரியவராக இருந்தாலும், வாசலில் நின்று "நான் சவரியம்மா வந்திருக்கேன்" என்று பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். அவர்களாக அடையாளம் தெரியாமல் திண்டாடக் கூடாதாம். போன சனிக்கிழமை முறை என்னுடையது. கட்டிலில் கிடந்த பெரியவர் காலடிச் சத்தம் கேட்டு மிரண்டு திரும்பினார். நான் நிலைப்படியிலேயே நின்று, "கமலம் வந்திருக்கேன்யா" என்றேன். அவருக்கு எந்தக் கமலமும் நினைவில் இல்லை. "வா கமலம்" என்று கையை நீட்டினார்.