பின்சீட்டு முதுகுகள்

மோட்டார் சைக்கிளுக்குச் சாய்மானம் விற்கிற தொழிலில் உள்ள பெரிய தொல்லை, அதை வாங்க வருகிறவர் ஒருநாளும் அதில் சாயப்போவதில்லை என்பதுதான். அவர் முன்னால் இருந்து ஓட்டுகிறவர். சாயப்போகிறவர் வீட்டில் சோறு வடித்துக்கொண்டு இருப்பார். கடையில் நின்று சம்பளம் வாங்கிய எவருக்கும் இந்த வேதனையை விளக்கத் தேவையில்லை.

சுனாமிக்குப் பிறகு கம்பஸ் படிப்பை முடித்துவிட்டு, அரசாங்க வேலை கிடைக்கும்வரைக்கும் என்று களுவாஞ்சிக்குடியில் ஓர் உதிரிப்பாகக் கடையில் சேர்ந்தேன். அந்த 'வரைக்கும்' யுத்தம் முடிந்த பிறகும் முடியவில்லை. நிவாரண நிறுவனங்களின் மோட்டார் சைக்கிள்கள் ஒழுங்கைக்கு ஒழுங்கை, சந்துபொந்தெல்லாம் ஓடிய காலம் அது. முதலாளி, பின்சீட்டுச் சாய்மானத்துக்கென்று கடையில் ஒரு மூலையையே ஒதுக்கியிருந்தார். கம்பியை எதிர் வெல்டிங் கடையில் ஒட்டுவார்கள். மெத்தை எங்களிடமே தைக்கப்படும். வாசலில் எஞ்சின் இல்லாத ஒரு பழைய பைக்கை நிறுத்தி வைத்திருந்தோம், வாங்குகிறவர்கள் இருந்து பார்க்கட்டும் என்று. ஆண்கள் ஏறிப் பின்னால் சாய்ந்து, ரோட்டில் போகிறவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்பார்கள். யாருடைய முதுகுக்கு என்று கேட்க எனக்கு வாய் வராது. நான் தெரியாத ஆட்களோடு கதைக்கவே கூச்சப்படுகிறவள்.

முழங்கை

காத்தான்குடியில் இருந்து ஒரு நானா வந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். சவூதியில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். இருந்ததிலேயே உயரமான, சிவப்பு றெக்சின் போட்ட சாய்மானத்தைத் தெரிந்தெடுத்தார். மனைவிக்கு இடுப்பு நோவாம். "அவ என்னை நம்பி வாறவ தங்கச்சி, விலையைப் பார்க்கப் படாது" என்று சொல்லிப் பைக்கில் பூட்டிக்கொண்டு போனார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார், மனைவிக்கு நோவு குறையவில்லை என்று. நான் மெத்தையை அமர்த்திப் பார்த்தேன், கம்பியை ஆட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அவருடைய மனைவி அபாயா அணிந்து, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு ஒரு பக்கமாகத்தான் இருப்பார். எங்களில் சாறி உடுக்கிறவர்களும் அப்படித்தானே. ஆனால் சாய்மானம் பின்னால் நிற்கிறது. முதுகு இருப்பதோ வலது கரையில், ஒன்றுமில்லாத வெளியில். நானா கோபிக்கவில்லை. களைத்துப் போய்ச் சொன்னார்:

"சொகுசா இருக்கிறது அவட இடக்கை முழங்கை மட்டுந்தான் தங்கச்சி."

பஞ்சு

இராணுவம் மறித்துச் சோதிக்கிற சென்றிகளில் எதையும் திறந்து பார்க்கிற காலம். சாப்பாட்டுப் பெட்டி, பால்மா டின், குடை எல்லாம் திறக்க வேண்டும். எங்கள் முதலாளிக்கு மெத்தை தடிப்பாக இருந்தால்தான் நல்ல சாமான் என்ற எண்ணம். தடித்த மெத்தைக்குள் என்ன இருக்கும் என்று ஆமிக்காரனுக்கு வேறு எண்ணம்.

செட்டிபாளையத்தில் இருந்து மீன் வியாபாரி ஒருவர் தன் மெத்தையைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். சென்றியில் நடுவில் நீளமாகக் கிழித்திருந்தார்கள். பஞ்சு குடல் மாதிரி வெளியே தொங்கியது. அதற்கு முதல் நாள்தான் எங்களிடம் வாங்கியிருந்தார். அவர் மெத்தையைக் கவுண்டரில் வைத்தார்.

"அடுத்தமுறை பஞ்சை வெளியிலயும் றெக்சினை உள்ளுக்கும் வைச்சுத் தையுங்க புள்ள, அவங்களுக்கும் லேசு."

அதன் பிறகு மெத்தையின் அடியில், பைகளில் இருப்பது மாதிரி, சிப் வைத்துத் தைத்தோம். இழுத்துத் திறந்து காட்டிவிட்டுப் போகலாம். அந்த மாதிரிதான் அதிகம் விற்றது. சொகுசு என்றால் என்னவென்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் சிப்பைப் பற்றி இல்லை.

ஓட்டுகிறவருக்குத் தெரியும்

தவராசா அண்ணன் எங்கள் கடைக்கு முதன்முதல் வந்தபோது, மனைவியைப் பற்றி நிறுத்தாமல் சொன்னார். புவனேஸ் டீச்சர் சுனாமியில் மதில் விழுந்து இடுப்பு உடைந்தவர். எழும்பி நடக்கவே நீண்ட காலம் எடுத்தது. தொண்டர் ஆசிரியையாக வருசக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் நிரந்தர நியமனம் கிடைத்திருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் வெல்லாவெளிக்கு அங்கால். ஆட்களையும் பைக்கையும் சேர்த்து ஏற்றுகிற மிதவையில், நாங்கள் 'பாதை' என்று சொல்வோம், வாவியைக் கடந்து, பிறகு கிரவல் ரோட்டால் போகவேண்டும். ஒழுங்காகப் போகாவிட்டால் நியமனம் போய்விடும்.

அவர் தெரிந்தெடுத்தது கதிரைபோல, அதுதான் நாற்காலிபோல, இரண்டு பக்கமும் கைபிடி வைத்த உயரமான சாய்மானம். டீச்சர் சாறியோடு ஒரு பக்கமாக இருந்தால் இடது கைபிடி தொடைக்கு இடிக்குமே என்று எனக்குப் பட்டது. டீச்சரை ஒருக்கால் கூட்டிவந்து இருத்திப் பார்க்கலாமா என்று மெல்லக் கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்கு எப்படியோ கேட்டுவிட்டது.

"அவவுக்கு இதைப் பத்தி என்ன தெரியும் புள்ள, நான்தானே ஓட்டுறன்."

குறட்டை

இது சின்னது. மாவட்டச் செயலகமான கச்சேரியில் வேலை செய்கிற ஒருவர், பின்னால் இருந்து தூங்கி விழுகிற தகப்பனுக்காக வாங்கினார். இனிப் பயமில்லை என்று முதலாளியும் உறுதி கொடுத்தார். அடுத்த கிழமை கடை வாசலில் பைக்கை நிறுத்தியவர் இறங்கவே இல்லை. பின்னால் தகப்பன் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார்.

"முந்தி விழுந்திருவன் எண்ட பயத்தில பாதி வழியாவது முழிச்சிருந்தவர், இப்ப சென்றியிலயும் எழுப்ப ஏலாமக் கிடக்கு."

கதிரை

தவராசா அண்ணன் திரும்பி வந்தபோது அவருடைய முகம் சரியில்லை. இடது கைபிடியை அறுத்தும் பார்த்துவிட்டாராம். டீச்சர் பின்னால் சாய்வதற்கு இடுப்பைத் திருகவேண்டி இருக்கிறது. சென்றிக்குச் சென்றி இறங்கி நடந்து, திரும்பவும் ஏறித் திருகவேண்டும். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது கரும்பலகைக்கு முன்னால் நிற்க ஏலவில்லை. வேலையை விட்டுவிடப் போவதாக டீச்சர் முந்தின நாள் இரவு சொல்லியிருக்கிறார். அண்ணன் இதைச் சொல்லும்போது சாய்மானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், அது ஏதோ அவரை ஏமாற்றியதுபோல.

இந்த முறை என் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அண்ணன், டீச்சரைக் கூட்டிக்கொண்டு வாங்க. இல்லாட்டி நான் இனி ஒண்டும் விக்க மாட்டன்." உள்ளே இருந்த முதலாளி தலையை நீட்டி என்னைப் பார்த்தார். நானும் என்னை அப்படித்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். மெலிந்தவர், கறுப்புக் குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். கடைப் பைக்கில் ஒரு பக்கமாக ஏறி இருந்தார். பிறகு என்னிடம், "நீங்க ஆருக்குப் பின்னால போறனீங்க?" என்றார்.

"தம்பிக்குப் பின்னால, டீச்சர்."

"எங்க நோகும்?"

ரோட்டோரத்தில் நான்கைந்து ஆண்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் என் இடுப்புக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். டீச்சர் தலையை ஆட்டினார். ராக்கைத் தட்டில் இருந்த சின்ன மெத்தை ஒன்றை எடுத்து, பைக்கின் வலது கரையில், தன் முதுகுக்கு நேரே பிடிக்கச் சொன்னார். நான் இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் மெதுவாகச் சாய்ந்தார். அந்தப் பாரம் என் கைக்கு வந்தது. ஒரு மூச்சு விட்டார், இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது மாதிரி.

"இஞ்சதான்" என்றார். "இதில ஒட்டச் சொல்லுங்க. கீழ ரெண்டு காலையும் வைக்க ஒரு பலகை. எழும்பி நிண்டா இறங்கியாச்சு."

தவராசா அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "என்னகா நீ, பக்கத்தில கதிரை கட்டின மாதிரியெல்லோ இருக்கும். பாதையில நிக்கிறவன் எல்லாம் சிரிப்பான்."

டீச்சர் மெத்தையில் இருந்து முதுகை எடுக்காமலே சொன்னார்:

"அவங்க சிரிக்கட்டும், நீங்க முன்னுக்குப் பார்த்து ஓட்டுங்க."

பழையதைக் கழற்றிப் பூட்டியது

சிரிக்கத்தான் செய்தார்கள். 'கதிரை டீச்சர்' என்று மிதவைப் பாதையடியில் பெயரும் வைத்துவிட்டார்கள். ஆனால் டீச்சர் ஒழுங்காகப் போனார், நின்று படிப்பித்தார், நியமனமும் நிலைத்தது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் சில பெண்கள் வந்தார்கள், தாங்களாகவே. அவர்களிடம் நான் முதலில் கேட்டது உயரத்தை அல்ல, எந்தப் பக்கம் பார்த்து இருப்பீர்கள் என்பதை.

யுத்தம் முடிந்தது. சென்றிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. தவராசா அண்ணன் லீசிங்கில் புதுப் பைக் எடுத்து வந்து நிறுத்தினார். அதற்குக் கம்பனியே போட்ட பளபளப்பான பின்சாய்மானம் இருந்தது. இனி இறங்கி ஏறுகிற வேலை இல்லை, கிரவல் ரோட்டுக்கும் கார்ப்பெட் தார் போடுகிறார்கள், இனியாவது வடிவாகப் போவோம் என்று மனைவியைக் கெஞ்சினார். டீச்சர் புதுப் பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நல்ல பைக் என்று ஒத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சென்றியை எடுத்திட்டாங்க, ரோட்டையும் மாத்திறாங்க. என்ட இடுப்பை ஆரும் மாத்தல்லையே புள்ள, அந்தக் கதிரையைக் கழட்டி இதில பூட்டுங்க."

இத்தனை பேருக்குச் சாயக் கொடுத்த அந்தக் கடையில், எனக்கு இருக்கத் தந்தது முதுகில்லாத ஒரு ஸ்டூல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.