மடியில் இருக்கும் சாவி

நல்லசிவம் அண்ணாச்சி கெட்ட மனிதர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவதைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். தி. நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஜாக்கெட் துணிக்கடை வைத்திருக்கிறார். சேலையின் ஓரத்தை விரல் நுனியில் பிடித்துப் பார்த்துவிட்டு, நூறு கட்டுகளுக்கு நடுவிலிருந்து அதே நிறத் துணியை உருவிப் போடுவார். கட்டுகிற பெண்ணுக்கே தெரியாத நிறம் அவருக்குத் தெரியும்.

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் மாமா கடைக்கு வேலைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் டிவியில் 'மார்த்தாண்டன் விசாரணை' என்று ஒரு துப்பறியும் தொடர் ஓடியது. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழரை மணி. மாமா எவ்வளவு கத்தினாலும் அண்ணாச்சி எதிர்க்கடை டிவியின் முன்னால் போய் நின்றுவிடுவார். பன்னிரண்டு வாரம் ஓடியது. பதின்மூன்றாவது வாரம் கொலைகாரன் யார் என்று தெரிய வேண்டும். தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் சண்டை வந்து, அந்தப் பகுதி எடுக்கப்படவே இல்லை. எங்கள் தலைமுறையில் பல பேருக்கு இது ஆறாத புண்.

அந்தப் புண்ணைச் சொறிந்துகொள்ளத்தான் எங்கள் குழு. மாதத்தின் முதல் ஞாயிறு காலை, மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் பதினாறு பேர் கூடுவோம். பழைய துப்பறியும் தொடர்கள் எல்லாவற்றையும் அலசுவோம், ஆனால் கடைசியில் மார்த்தாண்டனில்தான் வந்து நிற்போம். நான் செந்தில்குமார், லஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை. வாட்ஸப் குழுவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தீர்ப்பு சொல்வது அண்ணாச்சியின் வேலை. யாரும் கொடுத்த பதவி இல்லை, முப்பத்தைந்து வருஷமாக அவரே எடுத்துக்கொண்டது.

கதை இதுதான். மகன், மருமகளோடு பெரிய வீட்டில் இருக்கும் கிழவி ஒருத்தி, பெட்டிச் சாவியைப் பற்றி வக்கீலுக்குப் போன் செய்து, "சாவி மடில இருக்கு" என்கிறாள். மறுநாள் பிணமாகக் கிடக்கிறாள். மார்த்தாண்டன் வந்து அவள் இடுப்பைப் பார்க்கச் சொல்கிறார், சாவி இல்லை. அண்ணாச்சியின் தீர்ப்பு: பிணத்தை முதலில் பார்த்த டிரைவர்தான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தவன், கொன்றவனும் அவனே. "மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சும்மாவா சொன்னாங்க? மடின்னா இடுப்பு. முடிஞ்சு போச்சு" என்பார். நாங்களும் தலையாட்டுவோம்.

இந்த ஜனவரியில் விசாலாக்ஷி டீச்சர் வந்து சேர்ந்தார். கோபாலபுரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வீடு மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில். எந்த வாரத்தில் யார் எந்தக் கதவு வழியாக வந்தார் என்று குறிப்பைப் பார்க்காமல் சொல்வார். அதையும் மெல்லிய குரலில், தப்பாக இருந்தால் மன்னியுங்கள் என்கிற மாதிரி சொல்வார். மூன்றே மாதத்தில் எல்லோரும் சந்தேகம் வந்தால் டீச்சர் பக்கம் திரும்ப ஆரம்பித்தார்கள்.

அண்ணாச்சிக்கு வயிறு எரிந்தது. அவர் கோவில்பட்டி கடலைமிட்டாய் கொண்டுவந்தால் டீச்சர் தட்டை கொண்டுவருவார். தட்டைதான் முதலில் தீரும். மிச்சக் கடலைமிட்டாயை அவர் பையில் திரும்பப் போட்டுக்கொள்ளும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வாட்ஸப்பில் டீச்சர் பதிவுக்கு எத்தனை இதயம், தன் பதிவுக்கு எத்தனை என்று எண்ணுவார். "வேற சோலி இல்ல, ரிடையர் ஆனவங்க, எழுதுவாங்க" என்று எனக்கு மட்டும் போன் செய்து சொல்வார். ஒரு நாளைக்கு மூன்று தடவை சொன்னால் நான் என்ன செய்வது?

ஜூன் மாதம் ஒரு பெரிய சேதி வந்தது. அந்தத் தொடரை எழுதிய ஸ்ரீரங்கன் உயிரோடு இருக்கிறார், திருவான்மியூரில் மகள் வீட்டில். எண்பத்து நான்கு வயது. பூங்காவுக்கு வந்து விடையைச் சொல்ல ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். முதலில் நாங்கள் ஒவ்வொருவரும் கொலைகாரன் யார், ஏன் என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். அண்ணாச்சி அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. முப்பத்தைந்து வருஷத் தீர்ப்பு ஒரு காலைப்பொழுதில் நிற்க வேண்டும், அல்லது விழ வேண்டும்.

இனி சொல்வது எனக்குப் பிறகு அவர் வாயாலேயே தெரிந்தது. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் டீச்சர் அவருடைய கடைக்குப் போயிருக்கிறார்.

"சார், ஒண்ணு கேக்கணும். உங்ககிட்ட கேட்டுக்காம சபைல சொன்னா மரியாதையா இருக்காது" என்று ஆரம்பித்தாராம். "எங்காத்துல மடின்னா இடுப்பு இல்லை. தோய்ச்சு உலர்த்தின புடவை. உசரத்துல கொடில போட்டிருப்பா, குளிக்காம யாரும் தொடமாட்டா. அந்தப் பாட்டி சாவியை மடிப்புடவைத் தலைப்புல முடிஞ்சு வெச்சிருந்தா? ஆறாவது வாரம் மாட்டுப்பொண் அந்தப் புடவையைக் கொம்பால எடுத்து மறுபடி நனைக்கறா, விழுப்பு பட்டு அசுத்தமாயிடுத்துன்னு சொல்லி. அப்பதான் சாவியை எடுத்திருப்பா. டிரைவருக்கு இடுப்பைத்தானே தேடத் தெரியும்?"

அண்ணாச்சி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். கேட்ட கணமே அது சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அது சரியா வராது டீச்சர்" என்றாராம். "மார்த்தாண்டனே இடுப்பைத்தான பாக்காரு? டிரைவர்தான்."

"அப்படியா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று டீச்சர் இரண்டு மீட்டர் லைனிங் துணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி மனைவி தங்கபுஷ்பத்தையும் கூட்டி வந்திருந்தார். புதுப் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. புருஷனுக்குக் கிடைக்கப்போகும் மரியாதையைப் பார்க்க வந்த பெண். ஸ்ரீரங்கன் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காதில் கருவி. நாங்கள் ஒவ்வொருவராகச் சொன்னோம். பதினோரு பேர் டிரைவர், மூன்று பேர் வக்கீல். டீச்சர் முறை வந்தது.

"நல்லசிவம் சார் சொல்றதுதான் எனக்கும் படறது. டிரைவர்" என்றார்.

அந்த இடத்தில் அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு தானும் டிரைவர் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சேர்ந்து தோற்றிருப்போம், ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஆனால் ஆசை யாரை விட்டது? எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மருமகதான்" என்றார். பிறகு மடிப்புடவை, உயரத்துக் கொடி, கொம்பு, ஆறாவது வாரம் என்று டீச்சர் சொன்ன எல்லாவற்றையும் வரிசை மாறாமல் சொன்னார். விழுப்பு என்ற சொல்லை மட்டும் விழிப்பு என்று சொன்னார்.

ஸ்ரீரங்கன் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார். "முப்பத்தஞ்சு வருஷமா ஒருத்தர்கூட இதைச் சொல்லலை. அதுதான் விடை. எப்படி ஓய் கண்டுபிடிச்சேள்?"

நாங்கள் கைதட்டினோம். நான்தான் பலமாகத் தட்டினேன், அப்போது எனக்கு எதுவும் தெரியாது. டீச்சர் கைதட்டவில்லை. மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஏதோ கணக்குக்கு விடை தெரிந்துவிட்டது போல இருந்தார்.

தங்கபுஷ்பம் அக்காவுக்குத்தான் குழப்பம். கள்ளமில்லாத பெண், மனதில் பட்டதைக் கேட்டுவிட்டார். "ஏங்க, நம்ம பக்கம் மடின்னா இடுப்புல்லா? காலையில கிளம்பும்போதுகூட டிரைவர்னுதான சொன்னீய? இந்த மாமிமார் பேச்செல்லாம் உங்களுக்கு யாரு சொல்லித்தந்தா?"

கைதட்டல் நின்றது. பதினாறு பேரும் துப்பறியும் தொடர் பார்த்தே வளர்ந்தவர்கள், சந்தேகப்படச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொரு தலையாக அண்ணாச்சி பக்கம் திரும்பியது.

டீச்சர்தான் பேசினார். "இதுல என்ன ஆச்சரியம்? அவர் கடைல பாதி மயிலாப்பூர் மாமிகள்தானே வாடிக்கை. புடவையைப் பத்திப் பேசாம வேற என்ன பேசுவா? காதுல விழுந்திருக்கும். காலம்பற ஆத்துல சொல்லிட்டா ரகசியம் போயிடும்னு டிரைவர்னு சொல்லியிருப்பார். நாங்க இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்து, எங்களுக்குத் தோணலை பாருங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி கைதட்டினார்கள், இந்தத் தடவை டீச்சரும் தட்டினார். ஸ்ரீரங்கன் தன் கையெழுத்தில் இருந்த பழைய கதைத்தாள் கட்டை அண்ணாச்சி கையில் கொடுத்து, "இது உம்மகிட்டதான் இருக்கணும்" என்றார். படம் எடுத்து நானே குழுவில் போட்டேன். பதினைந்து இதயம் வந்தது.

கூட்டம் கலைந்தது. தங்கபுஷ்பம் அக்கா பூங்கா வாசலில் பூ வாங்க நின்றார். அண்ணாச்சி சுவரோரம் தனியாக நின்று, அந்தத் தாள் கட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாச்சி, ஜெயிச்சிட்டு மூஞ்சி இப்டி கீது?" என்றேன்.

அப்போதுதான் கடையில் நடந்தது முழுவதையும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. திட்டத்தான் வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்ததால் விட்டுவிட்டேன்.

"பேசாம காட்டிக் குடுத்திருக்கலாம் அந்தம்மா. ஒரு வாரம் மானம் போயிருக்கும், நானும் திட்டிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன்" என்றார். "புத்தியில அவங்க எனக்கு மேலன்னு எனக்கு எப்பவோ தெரியும். இப்ப குணத்துலயும்லா மேல போயிட்டாங்க. இதை நான் எங்க போயித் தம்பி திருடுவேன்?"