காதால் படித்தவர்

போன மாதம் காட்பாடியிலிருந்து திருப்பதி போகிற ரயிலில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் செல்போனில் கதை கேட்டுக்கொண்டு வந்தாள். யாரோ தெலுங்கில் கதை வாசிக்கும் குரல் லேசாக வெளியே கசிந்தது. சித்தூர் வருவதற்குள் எனக்குக் கண் சொக்கிவிட்டது. தெலுங்கில் யார் கதை வாசித்தாலும் எனக்குத் தூக்கம் வரும். கதைகள் மேல் குற்றமில்லை, இளம் வயதுப் பழக்கம். அதை உண்டாக்கியவர் வெங்கடசுப்பையா சார்.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு என்று இரண்டு தரப்பும் கடைத்தெருவில் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம். நகரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, சித்தூரில் ஒரு நூலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். அவர் அங்கே நூலகர்.

அவர் படிக்கிற விதமே தனி. பத்திரிகைகளை நின்றுகொண்டுதான் படிப்பார். முதலில் விளம்பரங்கள், கூந்தல் தைலம், லேகியம் ஒன்று விடமாட்டார். கட்டுரை என்றால் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குவார். "முடிவு சரியில்லன்னா மேல எதுக்குப் போறது?" என்பார். புத்தகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய், குளித்துவிட்டுத் தொடுவார். கதைக்கு வேறு சட்டம். அதன் முடிவை யாராவது முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அன்று முழுக்கப் பேசமாட்டார்.

அவருடைய தாய்மொழி தெலுங்கு. தமிழ் எங்கள் ஊர்க்காரர் மாதிரியே பேசுவார், ஆனால் எழுத்து தெரியாது. எனக்குத் தெலுங்கிலும் அதே கதிதான். பேச்சு வரும், எழுத்து ஏறவில்லை. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு நூலகத்தைச் சாத்தியதும், தமிழ் வார இதழின் தொடர்கதையை நான் அவருக்கு வாசிப்பேன். தெலுங்குத் தொடரை அவர் எனக்கு வாசிப்பார். நான் வாசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார், ஆனால் ஒரு வரி தப்பாது. அவர் வாசிக்கும்போது நானும் கண்ணை மூடுவேன். வயிறு நிறையச் சோறு, மேலே மின்விசிறி. பாதி நாள் குறட்டை விட்டிருக்கிறேன்.

அப்படியிருக்க ஒருநாள் காலையில் கும்பலாகச் சிலர் வந்தார்கள். வெளியே ஏதோ கூட்டம் முடிந்த சூடு. மேஜைமேல் கிடந்த தமிழ் இதழ்களைக் காட்டி, இதை இங்கே யார் படிக்கிறார்கள் என்று தெலுங்கில் கேட்டார்கள். என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. சார் என் பக்கம் கை காட்டியிருக்கலாம்.

"நேனே" என்றார். நான்தான்.

முன்னால் நின்றவர் இதழை எடுத்து நீட்டினார். "சதவண்டி சார், விண்டாம்." படியுங்கள், கேட்கிறோம் என்று.

சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொடர்கதைப் பக்கத்தைப் படத்தை வைத்துக் கண்டுபிடித்தார். பிறகு, முந்தின நாள் மத்தியானம் நான் வாசித்ததை அப்படியே சொல்ல ஆரம்பித்தார். காமாட்சி என்ற பெண் புருஷன் வீட்டிலிருந்து டிரங்குப் பெட்டியோடு கிளம்பி அரக்கோணம் ஸ்டேஷனுக்கு வருகிறாள், வண்டி இல்லை, காத்திருக்கும் அறையில் உட்கார்கிறாள், பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைத் தொடுகிறது. 'தொடரும்' என்று நான் சொன்ன இழுப்போடு சொல்லி முடித்தார். வந்தவர்களில் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்தே விட்டார். பிறகு கலைந்தார்கள்.

கடைசியாகப் போனவர் மட்டும் திரும்பி வந்து தணிந்த குரலில் தமிழில் சொன்னார்: "பக்கத்த தப்பா திருப்பிட்டீங்க சார். பரவால்ல, கத நல்லா கீது."

சார் அன்று சாப்பிடவில்லை.

காமாட்சியின் தோளைத் தொட்டது யார் என்று நாங்கள் தெரிந்துகொள்ளவில்லை. அடுத்த இதழ் வருவதற்குள் மேலிடத்து உத்தரவு வந்து, தமிழ் இதழ்கள் நின்றன. மத்தியானத்தில் அவர் தெலுங்குப் பத்திரிகையையும் என் முன்னால் பிரிக்கவில்லை. "நான் மட்டும் படிச்சிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார்.

எல்லை முடிவாயிற்று. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. சாரைத் திருப்பதிக்கு மாற்றினார்கள். வெகுகாலம் கழித்துச் சென்னையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்தத் தொடர்கதை புத்தகமாகக் கிடைத்தது. நின்றபடியே முடிவைப் படித்தேன். பொல்லாத முடிவு. காமாட்சி தண்டவாளத்தில் செத்துப்போகிறாள்.

சாருக்குப் படித்துக் காட்டவேண்டும் என்று வாங்கினேன். சித்தூரிலிருந்து பாகாலாவைத் தாண்டினால் திருப்பதி. பெருமாளைப் பார்க்க எத்தனையோ தரம் போனேன், அவரைப் பார்க்கப் போகவில்லை. கடைசியில் ஒருநாள் போனபோது அவர் ஓய்வு பெற்று, தலை முழுக்க வெளுத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"தோளத் தொட்டது அவ தம்பிதாம்பா" என்றார், நேற்று விட்ட பேச்சைத் தொடர்கிற மாதிரி. "அம்மா வூட்டுக்கு இட்டுக்கினு போய்ட்டான். நானே முடிச்சிட்டேன். பாவம், அந்தப் பொண்ண எத்தினி வருசம் ஸ்டேஷன்லயே உக்கார வெக்கிறது?" கொஞ்சம் நிறுத்தி, "அசல்ல இன்னா ஆச்சு? நீ படிச்சியா?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதுதான் சார்."

பைக்குள் இருந்த புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எதையோ நான் கேட்பேன் என்று எதிர்பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்குப் புரியவில்லை. வண்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன்.

பாகாலாவில் வண்டி நின்றபோதுதான் உறைத்தது. அவர் எனக்கு வாசித்த தெலுங்குத் தொடரும் பாதியில்தானே நின்றது. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. தூர் எடுக்கத் தம்பி உள்ளே இறங்குகிறான். அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த முறை கேட்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த முறை போனபோது வாசலில் நாற்காலி இல்லை.

சித்தூரில் அந்த நூலகம் இருந்த இடத்தில் இப்போது கடைகள், மத்தியானத்தில் சாத்துவதே இல்லை. அந்தத் தெலுங்குக் கதையின் பேரோ, எழுதியவர் யார் என்பதோ எனக்குத் தெரியாது. அதை அவர் வாசித்த நாளில் தூங்கிவிட்டிருப்பேன்.